கடல்நீர்க் கூலர் மூடிக்கு எந்த அலுமினியம்? ஒரு வார்ப்படச் சாலையின் நிகழ்வு ஆய்வு

இது கோயம்புத்தூர்ப் பகுதியின் ஒரு சிறு அலுமினிய பவுண்டரியில் நடந்தது. உருக்கும் தரமும் என் பொறுப்பில் இருந்தன. வாடிக்கையாளர், படகுகள், பட்டறைகள் எதற்கும் பெயர் சொல்லவில்லை. எங்கள் பிழைகளை மறைக்கவும் இல்லை.

பின்னணி

ஒரு மார்ச் மாதக் கடைசியில் கிழக்குக் கடற்கரையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறை அவருடையது. கோணிப்பையில் உடைந்த மூடிகள் ஏழெட்டுக் கொண்டுவந்திருந்தார்.

எஞ்சினைச் சுற்றிவரும் நல்ல தண்ணீரைக் கடல்நீர் கொண்டு குளிர்விக்கும் உருளைதான் அவர்கள் 'கூலர்' என்று சொல்வது. உள்ளே செம்பு-நிக்கல் குழாய்க் கட்டு இருக்கும். குழாய்களுக்குள் கடல்நீர், வெளியே எஞ்சின் தண்ணீர். உருளையின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூடி. ஒரு முனையில் கடல்நீர் நுழையும் அறையும் வெளியேறும் அறையும் நடுவே ஒரு தடுப்புச் சுவரும் உண்டு. இதை 'வாய் மூடி' என்கிறேன். மறு முனையில் தண்ணீர் திரும்பி மீதிக் குழாய்களுக்குள் போகும். அது 'திரும்பு மூடி'. இரண்டும் ஏறத்தாழ 140 மில்லிமீட்டர் விட்டம், சுவர் 6 மில்லிமீட்டர், விளிம்பு 12 மில்லிமீட்டர்.

கூலரோடு வந்த அசல் மூடிகள் கன்மெட்டல், அதாவது செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த வெண்கல வகை. அவை தேய்ந்தபோது மாற்று வாங்க விலை கட்டவில்லை. துறைமுகத்தில் கட்டியிருக்கும் படகிலிருந்து கன்மெட்டல் சாமான்களை ராவோடு ராவாகக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார்கள் என்பது இன்னொரு காரணம். அதனால் வேறொரு பவுண்டரியில் அலுமினியத்தில் வார்க்கச் செய்திருக்கிறார். ஏழெட்டு மாதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது.

அவர் கொண்டுவந்த கை வரைபடத்தில் 'பொருள்' என்ற கட்டத்தில் ஒரே சொல்தான் இருந்தது: அலுமினியம்.

40 கூலர்களுக்கு 80 மூடிகள் வேண்டும் என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி, எஞ்சின் வேலையும் உடல் வேலையும் நடப்பது அப்போதுதான். அதற்குள் மூடிகள் கைக்கு வர வேண்டும். ஜூன் 15 காலை படகு கடலில் இருக்கும், அதன் பிறகு யாரும் எதையும் கழற்றிக் காட்டமாட்டார்கள்.

உடைந்த மூடிகளில் பார்த்தவை

எங்கள் முதல் தவறு பேச்சளவிலேயே நின்றது நல்லதாயிற்று. முதலாளி மூடியைக் கையில் வாங்கிப் பார்த்து, "எல்எம்25 போட்டு ஹீட் ட்ரீட்மென்ட் பண்ணிக் குடுத்துரலாம், கல்லு மாதிரி இருக்கும்" என்றார். எல்எம்25 என்பது ஒரு அலுமினியக் கலவை. எனக்கும் அதுவே தோன்றியது. உடைந்து வந்த பொருளைப் பார்த்தால் வலிமை போதவில்லை என்று நினைப்பது பழக்கம். ஆனால் இந்த மூடிகள் வலிமை போதாமல் உடையவில்லை. கழற்றும்போது சுத்தியலால் தட்டியதில்தான் உடைந்தன. அதற்கு முன்பே அரித்து ஒழுகியவை அவை.

உள்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. சுரண்டினால் அடியில் கறுப்பு. குழிகள் வாய் சிறுத்து உள்ளே அகன்றிருந்தன. விளிம்பில் கேஸ்கட் உட்காரும் முகத்தில் அரிப்பு பள்ளம் பறித்ததுபோல் ஓடியிருந்தது.

இரண்டு துண்டுகளை வெட்டி ஸ்பெக்ட்ரோவுக்கு (உலோகத்தில் எது எவ்வளவு என்று சொல்லும் ஆய்வு) அனுப்பினோம். சிலிக்கன் 9.1 சதவீதம், செம்பு 2.9, துத்தநாகம் 1.2, இரும்பு 1.0. மற்றதும் ஏறத்தாழ இதுவே. எல்எம்24, ஏடிசி12 என்ற இரண்டு அலுமினியக் கலவைகளுக்கு நடுவே நிற்கும் சரக்கு. பிரஷர் டைகாஸ்டிங் வேலைகளுக்கு நல்ல சரக்கு. பைக் பாகங்கள் பலவும் இந்த வகையில்தான் வருகின்றன. சந்தையில் 'அலுமினியம்' என்று மட்டும் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுவும் இதன் ஸ்கிராப்பும்தான். பழைய பிஸ்டனும் கார்பரேட்டரும் கிராங்க் கேஸும் ஒரே பானையில் உருகினால் இந்தக் கணக்குத்தான் வரும்.

செம்பு அலுமினியத்துக்கு வலிமை தரும், லேத்தில் சீவ வசதியாக இருக்கும். உப்புத் தண்ணீரில் அதுவே எமன். செம்பு சேர்ந்த துகள்கள் கலவைக்குள் எங்கெங்கும் சிறு சிறு நேர்மின் எதிர்மின் முனைகளை உண்டாக்க, சுற்றியுள்ள அலுமினியம் கரைகிறது. கடல்நீரின் குளோரைடு மேல்படலத்தைத் துளைத்துக்கொண்டே இருப்பதால் அரித்த இடம் ஆறுவதில்லை.

எங்கள் உருக்குபவர் இந்தத் தொழிலில் 25 வருடம் ஊறியவர். தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அலுமினியம்னா எல்லாம் ஒண்ணுதானுங்க. நாம போட்டா மட்டும் அரிக்காதுங்களா?" என்றார். கேள்வி நியாயமானது. அரிக்கும். எவ்வளவு நாளில் என்பதுதான் விஷயம்.

மூன்று கலவைகள், ஒரு முடிவு

செம்பு குறைந்த கலவைகளில் எங்களால் வார்க்கக்கூடியவை மூன்று: எல்எம்5, எல்எம்6, எல்எம்25. இந்த 'எல்எம்' எண்கள் பிஎஸ் 1490 என்ற பழைய பிரிட்டிஷ் தர ஏட்டிலிருந்து வந்தவை. அந்த ஏடு போய்விட்டது, ஆனால் நம் பவுண்டரிகளில் பெயர் நின்றுவிட்டது. இந்தியத் தரமான ஐஎஸ் 617-இல் எல்எம்6-ஐ 4600 என்றும் எல்எம்25-ஐ 4450 என்றும் குறிக்கிறார்கள். கடையில் அப்படிக் கேட்டால் முழிப்பார்கள்.

எல்எம்5-இல் மக்னீசியம் 3 முதல் 6 சதவீதம். கடல்நீரை மட்டும் பார்த்தால் மூன்றில் இதுவே முதல். அனோடைஸ் செய்தாலும் (மின்சாரம் கொண்டு மேலே ஆக்சைடு படலம் ஏற்றினாலும்) அழகாக வரும். ஆனால் வார்ப்பது பெரும்பாடு. சிலிக்கன் இல்லாததால் ஓட்டம் போதாது. 6 மில்லிமீட்டர் சுவரும் தடுப்பும் நிரம்பும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. உருக்கின்மேல் (உருகிய உலோகத்தின்மேல்) கசடு கட்டிக்கொண்டே இருக்கும். மக்னீசியம் மணலின் ஈரத்தோடு வினை புரியும் என்பதால் மணலில் போரிக் அமிலம் கலக்க வேண்டிவரும். இவ்வளவு செய்தும் அழுத்தத்தில் கசியாத வார்ப்பு கிடைப்பது அரிது. தண்ணீர் நிற்க வேண்டிய மூடிக்குக் கசியும் கலவை உதவாது.

எல்எம்25-இல் சிலிக்கன் 6.5 முதல் 7.5, மக்னீசியம் 0.2 முதல் 0.6. கடல்நீரில் இதுவும் நன்றாகத் தாங்கும். டிஎஃப் என்ற முழு வெப்பப் பதம் கொடுத்தால் மணல் வார்ப்பிலேயே குறைந்தபட்ச இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 230 நியூட்டன். எல்எம்6-க்கு 160 மட்டும். தாளில் பார்த்தால் எல்எம்25 ஜெயிக்கிறது.

இங்கேதான் கொஞ்சம் நிதானித்துக் கணக்குப் போட்டோம். கூலருக்குள் கடல்நீர் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டாது. அந்த விட்டத்துக்கும் சுவருக்கும் வரும் வளைவுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் அளவுதான். எல்எம்6-இன் வலிமையே பதினாறு மடங்கு. அப்படியிருக்க, 525 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வேக வைத்து, சுடுதண்ணீரில் முக்கி, மறுபடி 160 டிகிரியில் பத்து மணி நேரம் வைக்கும் செலவு எதற்கு? முக்கும்போது விளிம்பு கோணிக்கொள்ளும் தொல்லை வேறு. பதம் கொடுக்காமல் வார்த்தபடியே கொடுக்கலாம்தான். ஆனால் எல்எம்25 உறையும் வெப்ப இடைவெளி எல்எம்6-ஐ விட அகலம். கூழ்ப் பதத்தில் அதிக நேரம் நிற்பதால் சுருக்கம் நுண்துளைகளாகச் சுவருக்குள் சிதறும். மெல்லிய சுவரில் அது ஊற்றாகிவிடும்.

எல்எம்6-இல் சிலிக்கன் 10 முதல் 13 சதவீதம், செம்பு 0.1-க்கு மேல் கூடாது. ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் உறைகிறது. தண்ணீர்போல் ஓடும், நன்றாக அடைத்துக்கொள்ளும், வெப்பப் பதம் வேண்டாம். குறை என்றால் லேத்காரரிடம் கேட்க வேண்டும். சிலிக்கன் கருவியைத் தின்னும், சீவல் ஒட்டி இழுக்கும். எங்கள் லேத்காரர் இந்த ஆர்டர் முடியும்வரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

முடிவு எல்எம்6. மூன்று காரணங்களை வரிசைப்படி எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினேன்: அரிப்பு, கசிவு, வார்ப்பு எளிமை. வலிமை அந்தத் தாளில் இல்லை.

முன்னோட்டம்: 12 மூடிகள், 5 கசிவு

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஆறு வாய் மூடிகளும் ஆறு திரும்பு மூடிகளும் பச்சை மணலில் (களிமண் சேர்த்த ஈர மணல்) வார்த்தோம். உள்ளறைக்கு சிஓ2 கோர், அதாவது கார்பன் டை ஆக்சைடு விட்டு இறுக்கிய மணல் உள்ளச்சு. சுத்தம் செய்து, முகம் சீவி, 3 கிலோ காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினோம். திரும்பு மூடிகளில் ஒன்றுகூடக் கசியவில்லை. வாய் மூடிகளில் ஆறுக்கு ஐந்து குமிழி விட்டன. எல்லாம் ஒரே இடம், தடுப்புச் சுவர் விளிம்போடு சேரும் மூலை.

"கேஸ் பிடிச்சிருச்சு" என்பதுதான் எந்த பவுண்டரியிலும் முதலில் வரும் தீர்ப்பு. வெட்டிப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளக் கூடாது. இரண்டை அறுத்தோம். மூலையின் நடுவே சோளப்பொரி உட்புறம்போல் கரடுமுரடான பள்ளம். வாயுத் துளை என்றால் உருண்டையாக, உட்சுவர் வழவழவென்று இருக்கும். இது சுருக்கம். ஒரே வெப்பநிலையில் உறையும் கலவையின் குணமே இதுதான். வெளித்தோல் முதலில் கட்டிக்கொள்ள, சுருக்கம் முழுவதும் கடைசியாக உறையும் இடத்தில் ஒரே பள்ளமாகச் சேரும். அந்த இடத்துக்கு ரைசர் (உறையும்போது உலோகம் கொடுக்கும் சேமிப்புத் தூண்) ஊட்டினால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் ரைசர் விளிம்பின் எதிர்ப்பக்கம் இருந்தது. போதாக்குறைக்கு, பேட்டர்ன்காரர் (மணலில் பதிக்கும் மாதிரியைச் செய்பவர்) அந்த மூலையில் 10 மில்லிமீட்டர் வளைவைத் தாராளமாகக் கொடுத்திருந்தார். மூலை கூர்மையாக இருந்தால் விரிசல் வரும் என்ற நல்லெண்ணம்; அதனாலேயே உலோகம் அங்கே திரண்டு நின்றது.

கூடவே சுவரில் சில உருண்டைத் துளைகளும் இருந்தன. ஆக வாயுவும் இருக்கிறது, அளவில்தான் சிறிது.

வாயுவின் மூலத்தைத் தேடியபோது உருக்கும் முறையிலேயே ஒரு பிழை கிடைத்தது. எல்எம்6-ஐ அப்படியே உறைய விட்டால் சிலிக்கன் தடித்த தகடுகளாகப் படியும், வார்ப்பு நொறுங்கும். அதற்காகத்தான் சோடியம் போடுகிறோம். 1920-களின் தொடக்கத்தில் அலதார் பாட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறை. சிட்டிகை சோடியம் தகடுகளை நுண்ணிழைகளாக மாற்றிவிடும். எங்கள் உருக்குபவர் முதலில் சோடியம் போட்டார், பிறகு வாயு நீக்கும் குளோரின் வில்லை போட்டார். வருடக்கணக்காக இதுதான் வழக்கம். குளோரின் ஹைட்ரஜனை மட்டுமா பிடிக்கும்? போட்ட சோடியத்தையும் உப்பாக்கிக் கசடோடு வெளியே தள்ளிவிடும். உடைத்துப் பார்த்ததில் தெரிந்தது: பதம் ஏறிய துண்டு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் உடைய வேண்டும், எங்களுடையது பளபளவென்று சில்லுச் சில்லாக மின்னியது.

மாற்றியவை

மூலை வளைவை 10-இலிருந்து 5 மில்லிமீட்டராக்கினோம். ரைசரை அந்த மூலைக்கு நேர்மேலே கொண்டுவந்தோம். தடுப்பின் அடியில் வார்ப்பிரும்புச் சில் (அந்த இடத்தை வேகமாகக் குளிரவைக்கும் துண்டு) ஒன்று வைத்தோம். சில்லை அடுப்பருகே வைத்து வெதுவெதுப்பாக்கித்தான் மோல்டில் பதிக்க வேண்டும். குளிர்ந்த சில்லில் ஈரம் வியர்த்து நிற்கும், உருக்கு பட்டதும் வெடித்துத் துளை போடும். இது ஒரு முறை நடந்து பார்த்தே கற்றுக்கொண்டோம்.

வில்லையை விட்டுவிட்டு, உலர்ந்த நைட்ரஜனைக் கிராஃபைட் குழாய் வழியாகப் பானையின் அடியில் எட்டு முதல் பத்து நிமிடம் விட்டோம். உருகிய அலுமினியம் கரைத்து வைத்திருக்கும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத்தான் உறைந்த அலுமினியம் வைத்துக்கொள்ளும். மீதி எல்லாம் துளையாக வெளிவரும். அதனால் பானை 740 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். நைட்ரஜன், கசடு எடுப்பு, அதன் பிறகு சோடியம், நான்கைந்து நிமிட ஓய்வு, ஊற்று. இதே வரிசை.

சோடியத்தின் வேகம் 15, 20 நிமிடத்தில் இறங்கிவிடும். எங்கள் வரிசையில் கடைசி மோல்டுக்குக் கரண்டி போய்ச் சேர 25 நிமிடம் ஆனது. பானையை இரண்டாகப் பிரித்து, ஒரு உருக்குக்கு ஆறு மோல்டுக்கு மேல் இல்லை என்று வைத்தோம்.

ஸ்ட்ரான்ஷியம் போட்டால் மணிக்கணக்காக நிற்குமே என்று பேட்டர்ன்காரர் கேட்டார். உண்மை. ஆனால் ஸ்ட்ரான்ஷியம் போட்ட உருக்கில் சுருக்கம் ஓரிடத்தில் சேராமல் சிதறும் போக்கு உண்டு. நல்ல சுழல் வாயுநீக்கி இல்லாமல் அதில் இறங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ரைசரால் பிடிக்கக்கூடிய ஒரு பெரிய பள்ளம், பிடிபடாத ஆயிரம் நுண்துளைகளைவிட மேல் என்பது என் கணக்கு. வசதி உள்ளவர்கள் வேறு முடிவு எடுக்கலாம்.

அடுத்த 12-இல் ஒன்றுதான் கசிந்தது.

0.34 சதவீதம்

மே முதல் வாரம் ஆர்டர் வேகம் பிடித்தது. 26 மூடிகள் வார்த்து, சீவி, அழுத்தம் பார்த்து அட்டைப் பெட்டியில் அடுக்கியாயிற்று. ஸ்பெக்ட்ரோ எங்களிடம் இல்லை. வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் மறுநாள்தான் தாள் வரும். வந்த தாளில் செம்பு 0.34 சதவீதம்.

எங்கிருந்து வந்தது என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. ரன்னரும் (உலோகம் ஓடிவரும் கால்வாய்) ரைசரும் வெட்டிப் போடும் மூலை ஒன்றுதான். பக்கத்திலேயே மோட்டார் பாகத்துக்கான எல்எம்4 வேலை ஓடிக்கொண்டிருந்தது; அதில் செம்பு 2 முதல் 4 சதவீதம். இரண்டு வேலையின் வெட்டுத் துண்டுகளும் பார்வைக்கு ஒன்றுபோல. நல்ல இங்காட்டோடு 'கொஞ்சம் ரிட்டர்ன்' சேர்ப்பது வழக்கம். அந்தக் கொஞ்சத்தில் எல்எம்4 கலந்துவிட்டது. பானையின் அடியில் முந்தைய உருக்கு மிச்சம் நின்றதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அன்று மாலை அலுவலகத்தில் நடந்த வாக்குவாதம் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி. பழைய மூடியில் 2.9 இருந்தது, இதில் 0.34, எட்டில் ஒரு பங்குதானே, அனுப்பிவிடலாம் என்றார் முதலாளி. வாடிக்கையாளரும் போனில், "சார், பதினாலாம் தேதியோட தடை முடியுது. எதையாவது குடுங்க சார், நான் மாட்டிக்கிறேன்" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். 0.34 என்பது எல்எம்6-இன் வரம்புக்கு மூன்று மடங்குக்கு மேல், எல்எம்25-இன் 0.2 வரம்புக்கும் வெளியே. அந்த மூடிகள் எட்டு மாதம் தாங்குமா, மூன்று வருடம் தாங்குமா என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரமில்லாத ஒன்றை எல்எம்6 என்று பெயரிட்டு அனுப்பினால், அடுத்த வருடம் எந்த மூடி எதனால் அரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் முதலாளி ஒத்துக்கொண்டார். 26-ம் எல்எம்4 பானைக்குள் போயின; உருக்குபவர் ஒவ்வொன்றாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை தாங்கியிருக்கவும் கூடும். இன்றும் அந்தச் சந்தேகம் எனக்கு உண்டு.

அதன் பிறகு எல்எம்6-க்குத் தனிக் குரூசிபிள் (உருக்கும் பானை) வாங்கினோம். அதன் வெட்டுத் துண்டுகளுக்கு வெட்டிய கையோடு நீலப் பெயிண்ட். கரண்டியும் கசடு வாரியும் தனி. ஒவ்வொரு உருக்கிலிருந்தும் ஒரு காசு மாதிரி எடுத்து, தாள் வரும்வரை அந்த உருக்கின் மூடிகளை லேத்துக்கு அனுப்பவில்லை. ஜூன் 12 வரை 64 மூடிகள் போய்ச் சேர்ந்தன. மீதி 16 தடை முடிந்த பிறகுதான்.

துறைமுகப் பட்டறையில்

மே கடைசியில் முதல் தவணையோடு நானும் போனேன். போயிருக்காவிட்டால் கலவைத் தேர்வு பாதி வீணாகியிருக்கும்.

மாட்டும்போது அவர்கள் போட்ட கேஸ்கட் கிராஃபைட் பூசியது. கிராஃபைட் மின்சாரம் கடத்தும். கடல்நீரில் அலுமினியத்துக்கு அதைவிடக் கெட்ட அண்டைவீட்டுக்காரர் கிடையாது. செம்பு-நிக்கல் குழாய்க் கட்டின் தகடு அந்தக் கேஸ்கட் வழியே மூடியோடு மின்தொடர்பில் இருந்தது. குழாய் மாட்டும் நிப்பிள் பித்தளை. பழைய மூடிகளின் விளிம்பு மட்டும் பள்ளமாக அரித்திருந்ததற்கு விடை அங்கே கிடைத்தது. அந்தக் குற்றம் முழுக்கக் கலவையினுடையது அல்ல.

கேஸ்கட்டை நைட்ரைல் ரப்பருக்கு மாற்றச் சொன்னோம், நிப்பிளை நைலானுக்கு. வாய் மூடியின் வெளியேறும் அறையில் ஜிங்க் பென்சில் (அலுமினியத்துக்குப் பதில் தான் கரைந்து அதைக் காக்கும் துத்தநாகத் தண்டு) ஒன்று பொருத்தினோம். கடையில் விற்கும் ஜிங்க் பென்சில் பித்தளைத் தலையோடு வருகிறது. அதை அப்படியே அலுமினியத்தில் திருகினால் ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொன்றை வரவழைத்ததாகும். தலையை அலுமினியத்தில் கடைந்து மாற்றினோம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. டேப் சுற்றினால் ஜிங்குக்கும் மூடிக்கும் மின்தொடர்பு அறுந்துபோகும், ஜிங்க் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மெக்கானிக் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பட்டறைப் பையன்கள் எத்தனை பேர் கடைப்பிடித்தார்கள் என்பது அடுத்த வருடம் தெரிந்தது.

ஒரு வருடம் கழித்து

மறு ஏப்ரலில், தடை தொடங்கிய இரண்டாவது வாரம் போனோம். 17 படகுகளின் கூலர்களைத் திறந்து காட்டினார்கள். எதிலும் ஓட்டை இல்லை, ஒழுகல் இல்லை.

வாய் மூடியின் நுழைவு அறையில் மெல்லிய சாம்பல் படலம் மட்டும். வெளியேறும் அறையில் ஆங்காங்கே சிறு குழி, ஆழம் அரை மில்லிமீட்டருக்குள். திரும்பு மூடிகள்தான் எங்களை யோசிக்க வைத்தன. 17-இல் 11-இல் குழிகள் இருந்தன. ஆழமானது 2.2 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. அதே உருக்கு, அதே நாள், அதே கலவை. பெட்டிக்கு உள்ள தாளைத் தேடி எடுத்துச் சரிபார்த்தேன், செம்பு 0.06.

பூதக்கண்ணாடியில் சில குழிகளின் அடியில் செந்நிறப் புள்ளி தெரிந்தது. செம்பு. கலவையில் இருந்த செம்பு அல்ல, தண்ணீர் கொண்டுவந்து படியவைத்தது. செம்பு-நிக்கல் குழாய்களின் வழியாக வரும் கடல்நீர் துளித் துளியாகச் செம்பைக் கரைத்து வருகிறது. அது அலுமினியத்தின்மேல் படிந்தால் படிந்த இடமெல்லாம் குழி. ரப்பர் கேஸ்கட்டால் இதைத் தடுக்க முடியாது. மின்தொடர்பை அறுக்கலாம், தண்ணீரை அறுக்க முடியுமா? நுழைவு அறைத் தண்ணீர் இன்னும் குழாயைப் பார்க்கவில்லை, அதனால் அது சுத்தமாகத் தப்பியது. வெளியேறும் அறையை ஜிங்க் காத்தது. திரும்பு மூடிக்கு ஜிங்க்கும் இல்லை, வடிகால் பிளக்கும் இல்லை. எஞ்சின் நின்றால் அங்கே கடல்நீரும் துறைமுகச் சேறும் தங்கிவிடும். மாதக்கணக்கில் கட்டிக் கிடந்த இரண்டு படகுகளில்தான் குழிகள் அதிக ஆழம். தினமும் ஓடிய படகுகளில் குறைவு.

மூன்று கூலர்களில் விளிம்பு அரித்திருந்தது. கழற்றிப் பார்த்தால் கிராஃபைட் கேஸ்கட். பையன் சிரித்தான்.

இடையில் அனோடைஸ் செய்து பார்க்கலாமா என்றும் ஒரு முயற்சி. சிலிக்கன் இவ்வளவு உள்ள கலவையில் படலம் கருஞ்சாம்பலாகத் திட்டுத் திட்டாகத்தான் ஏறியது. இரண்டு மூடியோடு நிறுத்திவிட்டோம்.

அதன் பிறகு எடுத்த முடிவுகள்

வாய் மூடி எல்எம்6-இலேயே தொடர்கிறது. திரும்பு மூடிக்கு இரண்டு வழிகள் வைத்தோம். ஆறு படகுகளில் அதைக் கன்மெட்டலுக்கே திருப்பினோம். இதைச் சொல்ல முதலாளிக்கு மனமில்லை. எங்கள் பவுண்டரியில் கன்மெட்டல் வார்ப்பதில்லை, ஆகவே அந்தப் பாதி ஆர்டர் வேறு கைக்குப் போகும். கன்மெட்டல் மூடியும் தன் பங்குக்குத் தண்ணீரில் செம்பு விடும், அது வாய் மூடியின் வெளியேறும் அறைக்குத்தான் வந்து சேரும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. அதனால்தான் ஆறு படகு மட்டும்.

மற்றவற்றுக்கு எல்எம்6 திரும்பு மூடியே. சுவர் 8 மில்லிமீட்டர், அடியில் வடிகால் பிளக், ஜிங்க் பென்சிலுக்கு ஒரு மரை. ஒவ்வொரு தடைக்காலத்திலும் திறந்து பார்த்து, குழி 3 மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் மாற்றிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கட்டிக் கிடக்கும் படகில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடிக்கவும் சொல்லியிருக்கிறோம். துறைமுகத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

மறுபடி இதே வேலை வந்தால், முதல் நாளே துறைமுகத்துக்குப் போவேன். கோணிப்பையில் வந்த மூடிகளை ஸ்பெக்ட்ரோவுக்கு அனுப்பியது சரிதான். ஆனால் அவற்றில் எது வாய் மூடி, எது திரும்பு மூடி, எதில் குழி ஆழம் என்று பிரித்துப் பார்த்திருந்தால் அந்தச் செந்நிறப் புள்ளி ஒரு வருடம் முன்பே கண்ணில் பட்டிருக்கும். எட்டுத் துண்டுகளையும் குவித்துப் போட்டு இரண்டை மட்டும் வெட்டியது என் வேலைதான்.

வரைபடத்தின் பொருள் கட்டத்தில் இப்போது இப்படி இருக்கிறது: எல்எம்6, வார்த்தபடி, செம்பு அதிகபட்சம் 0.1, உருக்கு எண்ணும் ஆய்வுத் தாளும் இணைக்க. கட்டம் சிறியது என்பதால் வாடிக்கையாளரின் மகன் அதைப் பின்பக்கத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கிறார். கன்மெட்டல் மாட்டிய ஆறு கூலர்களையும் வரும் ஏப்ரலில் திறப்போம்.